வளர்த்த வீரரைத் தக்கவைக்கும் கணக்கு

கேள்வி இதுதான்: ஒரு கால்பந்து கிளப் சிறு வயதிலிருந்தே வளர்த்து ஆளாக்கிய வீரர் நட்சத்திரமாகிவிட்டால், பணக்கார கிளப்புகள் வரிசையாக வந்து அவரைக் கேட்கும். அப்போது அவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைத் தாய்க் கிளப் எங்கிருந்து புரட்டுகிறது? சில கிளப்புகளால் மட்டும் எப்படி முடிகிறது, மற்றவை ஏன் விற்றுவிடுகின்றன?

சுருக்கமான பதில்: தான் வளர்த்த வீரர்தான் ஒரு கிளப்புக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான நட்சத்திரம். நடுத்தர வசதியுள்ள ஒரு கிளப்பால் அவருடைய சம்பளத்தைத் தாங்க முடியும். அப்படியும் அவரை இழக்க நேர்ந்தால், ஒன்று வெளியிலிருந்து வாங்கிய மற்றவர்கள்மீது பணத்தைக் கொட்டியிருப்பார்கள், அல்லது ஒப்பந்தம் முடியும் தேதியைக் கோட்டைவிட்டிருப்பார்கள். உண்மையிலேயே பணமில்லாமல் இழக்கும் சிறிய கிளப்புகளும் உண்டு. அவற்றின் கதை வேறு, கடைசியில் சொல்கிறேன்.

மலிவு என்று ஏன் சொல்கிறேன் என்பது கணக்குப் புத்தகத்தைத் திறந்தால்தான் தெரியும். ஒரு கிளப் 8 கோடி யூரோ கொடுத்து ஒரு முன்கள வீரரை வாங்கி, ஐந்தாண்டு ஒப்பந்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 8 கோடியை வாங்கிய ஆண்டிலேயே செலவாக எழுத மாட்டார்கள். ஒப்பந்தக் காலத்தால் வகுத்து, ஆண்டுக்கு 1.6 கோடி என்று எழுதுவார்கள். சம்பளம் ஆண்டுக்கு 1 கோடி என்றால், அந்த வீரர் கிளப்புக்கு ஆண்டுதோறும் வைக்கும் செலவு 2.6 கோடி. அதே தரத்தில் கிளப்பின் சொந்த இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமியிலிருந்து ஒருவர் மேலே வருகிறார். அவருக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லை. அவருக்கு 1.8 கோடி சம்பளம் கொடுத்தால்கூட, வாங்கி வந்தவரைவிட ஆண்டுக்கு 80 லட்சம் குறைவு. சம்பளப் பட்டியலை மட்டும் பார்க்கும் ரசிகருக்கு உள்ளூர்ப் பையன் அதிகம் வாங்குவதுபோலத் தெரியும். நிதி அதிகாரிக்கு அவர்தான் லாபம்.

இதில் இன்னொரு சலுகையும் உண்டு. இங்கிலாந்து பிரீமியர் லீக் சில ஆண்டுகளாகப் பின்பற்றிவந்த நிதி விதியின்படி, ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்ட் வரை நஷ்டம் காட்டலாம். ஆனால் அகாடமிக்கும், மகளிர் அணிக்கும், மைதானக் கட்டுமானத்துக்கும் செய்யும் செலவு அந்த நஷ்டக் கணக்கில் சேராது. பயிற்சித் திடல், பயிற்சியாளர்கள், விடுதி என எவ்வளவு வேண்டுமானாலும் அகாடமிக்குச் செலவழிக்கலாம், விதி கேள்வி கேட்காது. ஐரோப்பியப் போட்டிகளை நடத்தும் யூஃபாவின் பதிவு விதியும் இதே திசையில்தான் தள்ளுகிறது: 25 பேர் கொண்ட பட்டியலில் 8 இடங்கள் அந்த நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு, அதில் குறைந்தது 4 பேர் அந்தக் கிளப்பிலேயே, 15 முதல் 21 வயதுக்குள், மூன்று ஆண்டுகள் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டியதுதான், வெளியாளைப் போட்டு நிரப்ப முடியாது. ஆகவே வளர்த்த வீரர் ஒருவர் பட்டியலில் இருப்பதே ஒரு சொத்து.

இப்போது இதே கணக்கின் மறுபக்கம். மேலே சொன்ன இருவரையும் இரண்டு ஆண்டுகள் கழித்து ஆளுக்கு 6 கோடிக்கு விற்கிறார்கள். வாங்கி வந்தவருக்குப் புத்தகத்தில் இன்னும் 4.8 கோடி பாக்கி இருக்கிறது. ஆகவே லாபம் 1.2 கோடிதான். அகாடமி வீரருக்குப் பாக்கி எதுவும் இல்லை. 6 கோடியும் முழு லாபம், அதுவும் விற்ற ஆண்டின் கணக்கிலேயே வந்து விழும். நிதி விதியில் சிக்கித் தவிக்கும் கிளப்புக்கு இதைவிட இனிப்பான மருந்து இல்லை. வீரரை வைத்துக்கொள்வதை மலிவாக்கும் அதே பூஜ்யம்தான் அவரை விற்கும் ஆசையையும் கிளப்பிவிடுகிறது. என் பார்வையில் கடந்த பத்தாண்டுகளில் ரசிகர்களை அதிகம் காயப்படுத்திய நிதி விதி இதுதான். விதி எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்யவில்லை. ஆனால் விளைவு இப்படி ஆகிவிட்டது.

உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆறு வயதில் செல்சியில் சேர்ந்த மேசன் மவுண்ட் 2023-இல் 5.5 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனார். அடுத்த ஆண்டே செல்சியின் இன்னொரு வளர்ப்பு கானர் கேலகர் அத்லெடிகோ மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார். நியூகாசில் 2024 ஜூன் கடைசியில், கணக்காண்டு முடியும் வேளையில், எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு விற்றது. யுனைடெட் அதே கோடையில் ஸ்காட் மெக்டாமினேவை நாப்போலிக்கு அனுப்பியது. அவர் முதல் சீசனிலேயே இத்தாலியப் பட்டம் வென்று, லீக்கின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். பணத்துக்குக் குறைவே இல்லாத மான்செஸ்டர் சிட்டிகூட 2023-இல் கோல் பாமரை செல்சிக்குக் கொடுத்துவிட்டது.

இந்த வரிசையில் சற்று நின்று பார்க்க வேண்டியது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் கதை. பிரென்னன் ஜான்சன் எட்டு வயதிலிருந்து அந்தக் கிளப்பில் வளர்ந்தவர். அவருடைய தந்தை டேவிட் ஜான்சனும் அங்கே ஆடியவர். 2022-இல் பிரீமியர் லீக்குக்கு ஏறிய ஃபாரஸ்ட், வந்த வேகத்தில் ஒரு முழு அணியையே புதிதாக வாங்கிப்போட்டது. நஷ்ட வரம்பு நெருக்கியது. முந்தைய ஆண்டுகளில் இரண்டாம் நிலை லீக்கில் இருந்ததால் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 10.5 கோடி அல்ல, 6.1 கோடி பவுண்ட் மட்டுமே. கணக்காண்டு 2023 ஜூன் 30-உடன் முடிகிறது. அதற்கு முன்பே ஜான்சனுக்கு விலை பேசி ஒரு கிளப் வந்தது. தொகை குறைவு என்று ஃபாரஸ்ட் மறுத்தது. பொறுத்திருந்து, செப்டம்பர் 1-ஆம் தேதி, வீரர்களை வாங்கி விற்கும் காலத்தின் கடைசி நாளில், டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடி பவுண்டுக்கு விற்றது. வியாபாரம் என்ற அளவில் புத்திசாலித்தனம். ஆனால் விற்பனை இரண்டு மாதம் தள்ளி அடுத்த கணக்காண்டில் விழுந்தது. 2023 ஜூனுடன் முடிந்த காலத்தின் நஷ்டம் வரம்பைவிட 3.45 கோடி பவுண்ட் கூடுதலாக நின்றது. நல்ல விலைக்காகத்தானே காத்திருந்தோம் என்று விசாரணைக் குழுவிடம் வாதாடிப் பார்த்தார்கள். குழு ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் 4 புள்ளிகளை வெட்டினார்கள். ஃபாரஸ்ட் 17-ஆம் இடத்தில் தொங்கிக்கொண்டு, கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பியது. வளர்த்த பிள்ளையும் போனார், புள்ளிகளும் போயின. அந்த ஜான்சன்தான் 2025 யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் டாட்டன்ஹாமுக்கு வெற்றி கோலை அடித்தார் என்பதை ஃபாரஸ்ட் ரசிகர்களிடம் நினைவூட்டாமல் இருப்பது நல்லது.

சரி, வைத்துக்கொள்ள முடிகிற கிளப்புகள் என்னதான் செய்கின்றன? முதல் வேலை, ஒப்பந்தத்தை ஒருபோதும் கடைசி இரண்டு ஆண்டுகளுக்குள் நுழைய விடாமல் பார்த்துக்கொள்வது.

18 வயது ஆகாத வீரருடன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. ஆகவே முதல் தொழில்முறை ஒப்பந்தம் குறுகியது, சம்பளமும் குறைவு. பையன் மூத்த அணியில் பத்துப் பதினைந்து ஆட்டங்கள் நன்றாக ஆடியதும், பழைய ஒப்பந்தம் முடியக் காத்திராமல், அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிது எழுதுவார்கள். பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளில் இன்னொன்று. ஏழு வயதில் ஆர்சனல் அகாடமிக்கு வந்த புகாயோ சாகா 2018-இல் முதல் தொழில்முறை ஒப்பந்தமும், 2020-இல் இரண்டாவதும், 2023-இல் 2027 வரையிலான மூன்றாவதும் போட்டார். ஒவ்வொரு படியிலும் சம்பளம் ஏறும். கிளப்புக்கு இதில் என்ன லாபம்? 19 வயதில் அந்த வீரர் சந்தையில் கேட்டு வாங்கக்கூடிய சம்பளத்தை 22 வயதில்தான் கொடுக்கிறார்கள். 22 வயதில் கேட்கக்கூடியதை 25-இல். வீரருக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது: முழங்கால் போனாலும் சம்பளம் நிற்காது. இரு தரப்பும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துச் செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

நீண்ட ஒப்பந்தம் கையில் இருந்தால் பேரத்தில் எவ்வளவு பலம் கிடைக்கும் என்பதற்கு ஹாரி கேன் ஒரு பாடம். டாட்டன்ஹாம் அவரை ஒரே நாளில் நட்சத்திரமாக்கவில்லை. லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கிளப்புகளுக்கு இரவலாக அனுப்பிப் பக்குவப்படுத்தியது. 2018 ஜூனில் ஆறு ஆண்டு ஒப்பந்தம், 2024 வரை. 2021 கோடையில் மான்செஸ்டர் சிட்டி கேட்டு வந்தபோது, கேனுக்கும் போக விருப்பம் இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அப்போதைய டாட்டன்ஹாம் தலைவர் டேனியல் லெவி அசையவில்லை. கேன் தங்கினார். 2023-இல் ஓர் ஆண்டு மட்டுமே மிச்சம் என்ற நிலை வந்ததும், அதே லெவி சுமார் 10 கோடி யூரோவுக்கு பயர்ன் மியூனிக்கிடம் விற்றார். அதற்குள் கேன் 280 கோல்கள் அடித்து அந்தக் கிளப்பின் எல்லாக் காலச் சாதனையையும் எழுதியிருந்தார். டாட்டன்ஹாம் ரசிகர்களுக்கு லெவியிடம் ஆயிரம் குறைகள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்கு தப்பவில்லை.

தேதியைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பா 1995 டிசம்பர் 15-ஆம் தேதியே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் பொஸ்மான் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போகப் பழைய கிளப் பணம் கேட்க முடியாது. அதே ஆண்டு மே மாதம்தான் நெதர்லாந்தின் அயாக்ஸ், பெரும்பாலும் தான் வளர்த்த இளைஞர்களைக் கொண்டு, வியன்னாவில் ஏசி மிலானை 1-0 என்று வென்று, ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கைத் தூக்கியிருந்தது. கோல் அடித்தவர் 18 வயது பாட்ரிக் க்ளூய்வெர்ட். தீர்ப்பு வந்த அடுத்த கோடையில் எட்கர் டேவிட்ஸும் மைக்கேல் ரெய்சிகரும் மிலானுக்கே போனார்கள். 1997-இல் க்ளூய்வெர்ட்டும் போனார். மூவருக்கும் அயாக்ஸுக்குக் கிடைத்தது ஒரு காசு இல்லை. இறுதிப் போட்டியில் தோற்ற கிளப், வென்ற கிளப்பின் வீரர்களைச் சும்மா அள்ளிக்கொண்டு போனது.

முப்பது ஆண்டுகள் கழித்தும் இது நடக்கிறது. ஆறு வயதில் லிவர்பூலில் சேர்ந்த டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டின் ஒப்பந்தம் 2025 ஜூனில் முடிந்தது. உலகின் தலைசிறந்த வலப்புறத் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர், முழு விலையும் லாபமாகக் கணக்கில் ஏறியிருக்க வேண்டியவர். ஒரு மாதம் முன்னதாக விடுவித்து, கிளப் உலகக் கோப்பையில் ஆட அனுமதித்ததற்காக ரியல் மாட்ரிட் கொடுத்த சிறு தொகை மட்டுமே லிவர்பூலுக்கு மிஞ்சியது. லிவர்பூலால் அவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாதா என்ன? பணத்தால் நின்றுபோன காரியம் அல்ல அது. புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் புதுப்பிக்கவில்லை. பிறகு பேரத்தின் கயிறு வீரரின் கைக்குப் போய்விட்டது. இதைவிடக் கசப்பானது மான்செஸ்டர் யுனைடெட்டின் அனுபவம்: அகாடமியில் இருந்த பால் போக்பா 2012-இல் ஒப்பந்தம் முடிந்து யுவென்டஸுக்குப் போனார். 2016-இல் அவரைத் திரும்ப அழைத்துவர யுனைடெட் கொடுத்தது 10.5 கோடி யூரோ, அன்றைய உலகச் சாதனை விலை.

ஸ்பெயினில் கிளப்புகளின் கையில் இன்னொரு கருவி இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றின்படி, விளையாட்டு வீரர் தன் ஒப்பந்தத்தை ஒருதலையாக முறித்துக்கொண்டு போகலாம். அதற்கு இழப்பீடு கட்ட வேண்டும். அந்த இழப்பீட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பார்கள். அதைத்தான் விடுவிப்புத் தொகை என்கிறார்கள். 2017 ஆகஸ்டில் நெய்மார் பார்சிலோனாவை விட்டுப் பாரிஸ் கிளப்புக்குப் போனபோது, அவருடைய வழக்கறிஞர்கள் 22.2 கோடி யூரோவுக்கான காசோலையை எடுத்துக்கொண்டு மாட்ரிட்டில் உள்ள, ஸ்பெயினின் முதல் நிலை லீக்கான லா லிகாவின் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே வாங்க மறுத்தார்கள். பிறகு பார்சிலோனா கிளப்பிடமே நேராகக் கட்டினார்கள். அதற்குப் பிறகு பார்சிலோனா பாடம் படித்தது. இளம் வீரர் லமின் யமாலுக்கு எழுதப்பட்ட விடுவிப்புத் தொகை 100 கோடி யூரோ, காவிக்கும் அப்படியே. யாரும் அதைக் கட்டப் போவதில்லை. பேச்சு வார்த்தையின் கதவையே சாத்திவிடுவதுதான் நோக்கம். ஆனால் பெரிய தொகையை எழுதச் சம்மதிக்க வேண்டியவர் வீரர்தான். அவர் சும்மா சம்மதிக்க மாட்டார். விடுவிப்புத் தொகை ஏறினால் சம்பளமும் ஏற வேண்டும்.

இந்த இடத்தில் பில்பாவோவின் அத்லெடிக் கிளப்பைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பாஸ்க் பகுதியில் பிறந்தவர்களை அல்லது அங்கே கால்பந்து பழகி வளர்ந்தவர்களை மட்டுமே ஆடவைப்பது அவர்களின் நூறாண்டு கடந்த கொள்கை. ரியல் மாட்ரிட், பார்சிலோனாவோடு சேர்த்து, ஸ்பெயினின் முதல் நிலை லீக்கிலிருந்து ஒருமுறையும் கீழே இறங்காத மூன்றே கிளப்புகளில் அதுவும் ஒன்று. கிளப்பின் உரிமை உறுப்பினர்களிடம் இருக்கிறது. எண்ணெய்ப் பணம் எதுவும் இல்லை. எப்படிச் சமாளிக்கிறார்கள்?

வாங்க ஆளே இல்லாததால் வாங்கும் செலவு குறைவு. அந்தப் பணம் சம்பளத்துக்குப் போகிறது. கேட்க எளிது, ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவர் போய்விட்டால் அவருக்கு மாற்று ஆளைச் சிறிய நிலப்பரப்பிலிருந்துதான் தேட வேண்டும் என்பது வீரர்களுக்கும் அவர்களுடைய முகவர்களுக்கும் நன்றாகவே தெரியும். பாஸ்க் வீரர் அதனாலேயே வேறு எந்தக் கிளப்பிலும் கிடைக்காத சம்பளத்தை அங்கே கேட்கலாம். 2018 ஜனவரியில் எமெரிக் லபோர்த்தை மான்செஸ்டர் சிட்டி 6.5 கோடி யூரோ கட்டி எடுத்துச் சென்றதும், அத்லெடிக் பக்கத்து ஊர் ரியல் சொசியெடாடிடம் இனிகோ மார்டினெஸுக்காக 3.2 கோடி கட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கோல்கீப்பர் கெப்பாவை 8 கோடி கட்டி செல்சி கொண்டுபோனது. கோல்கீப்பருக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. லபோர்த்துக்கும் கெப்பாவுக்கும் அத்லெடிக் பேரம் பேசவே இல்லை. போகிறாயா, முழுத் தொகையையும் வைத்துவிட்டுப் போ என்பதுதான் அவர்கள் வழக்கம். வந்த பணத்தைக் கண்டபடி செலவழிக்கவும் வழியில்லை, வாங்க ஆள் இல்லையே! ஆகவே அது சேமிப்பாகி, அடுத்த தலைமுறையின் சம்பளமாகிறது. 2019-இல் இனாகி வில்லியம்ஸ் 2028 வரை கையெழுத்திட்டார், விடுவிப்புத் தொகை 13.5 கோடி. 2025 கோடையில் அவர் தம்பி நிகோவை பார்சிலோனா கொத்திக்கொண்டு போகும் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த வேளையில், நிகோ 2035 வரை கையெழுத்திட்டார். விடுவிப்புத் தொகையும் பாதிக்கு மேல் உயர்த்தப்பட்டது. இடையில் 2024-இல், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடி ஸ்பெயின் மன்னர் கோப்பையை பில்பாவோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

பணக்கார கிளப் ஒன்று தன் பிள்ளையை இழந்த கதைக்கு வருவோம். லியோனல் மெஸ்ஸி 13 வயதில் பார்சிலோனாவுக்கு வந்தவர். 2021 ஆகஸ்டில், சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்த பிறகும், அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. லா லிகா ஒவ்வொரு கிளப்புக்கும் வருமானத்தைப் பார்த்து அணிச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கிறது. வரம்பை மீறிய கிளப், மிச்சப்படுத்தும் தொகையில் ஒரு பகுதியைத்தான் புதிய ஒப்பந்தங்களுக்குச் செலவிடலாம். மெஸ்ஸியின் ஒப்பந்தம் ஜூன் 30-உடன் முடிந்துவிட்டதால், விதியின் கண்ணில் அவர் புதிதாக வரும் வீரர். கிளப் தலைவர் ஜோவான் லபோர்தா செய்தியாளர்களிடம் கணக்கை அப்படியே வைத்தார்: மெஸ்ஸியைச் சேர்த்தால் சம்பளச் செலவு வருமானத்தில் 110 சதவீதம், அவர் இல்லாமலே 95 சதவீதம்.

அந்த 95-ஐப் பாருங்கள். மெஸ்ஸி இல்லாமலேயே கிளப் மூழ்கிக்கொண்டிருந்தது. 2017 கோடையில் உஸ்மான் டெம்பெலேவுக்கு 10.5 கோடி, 2018 ஜனவரியில் பிலிப் குட்டின்யோவுக்கு 12 கோடி, 2019-இல் ஆன்டுவான் கிரீஸ்மனுக்கு 12 கோடி யூரோ. மேல் போனஸ்களை விட்டுவிட்டாலும் மூவருக்கு 34.5 கோடி. ஐந்தால் வகுத்தால், இவர்களின் சம்பளத்தைத் தொடாமலே, ஆண்டுக்கு ஏறக்குறைய 7 கோடி யூரோ செலவுக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கொரோனாவில் மைதானம் காலியானதும் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. மெஸ்ஸியின் சம்பளமும் மலைக்கவைப்பதுதான். நான்கு ஆண்டுகளில் 55 கோடி யூரோவுக்கு மேல் என்று அந்த ஒப்பந்தம் கசிந்தபோது ஸ்பெயினே வாய்பிளந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்த விருந்தாளிகளுக்குக் கடன் வாங்கி விருந்து வைத்துவிட்டு வீட்டுப் பிள்ளைக்குச் சோறு இல்லை என்று கைவிரித்த கதையாகத்தான் எனக்கு அது படுகிறது. அடுத்த ஆண்டே தொலைக்காட்சி உரிமை வருமானத்தில் கால் பங்கை 25 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுத்தான் அந்தக் கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்தது.

யூஃபாவும் இப்போது இதே வழிக்கு வந்துவிட்டது. சம்பளம், வாங்கிய விலையின் ஆண்டுப் பங்கு, முகவர் கட்டணம் மூன்றையும் கூட்டினால் கிளப்பின் வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 90, 80 என்று படிப்படியாக இறக்கி 2025-26 சீசனில் இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிரீமியர் லீக் 2026-27 முதல் 85 சதவீதம் என்று முடிவெடுத்திருக்கிறது. இந்த விதியிலும் வளர்த்த வீரருக்கு வாங்கிய விலை இல்லை என்ற சலுகை தொடர்கிறது. அவரை விற்ற லாபம் வருமானப் பக்கத்தில் ஏறும் என்ற ஆசைவார்த்தையும் தொடர்கிறது.

சட்டை விற்றே சம்பளத்தை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதை மறந்துவிடலாம். ஒரு சட்டை விற்றால் பெரும் பங்கு தயாரிக்கும் நிறுவனத்துக்கும் கடைக்கும் போகிறது. கிளப்புக்கு வருவது சிறு பங்கு. நட்சத்திரம் பணம் கொண்டுவருவது வேறு வழியில்: விளம்பர ஒப்பந்தம் பேசும் மேசையில், சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெறுவதில்.

உண்மையில் பெரிய கிளப்புகளில் ஒரு நட்சத்திரத்தின் சம்பளத்தைத் தாங்குபவர்கள், அவரோடு அதே அகாடமியில் படித்து, மேலே வர முடியாமல் விற்கப்பட்டவர்கள். ஓர் அணியில் பதினொரு இடம்தான். அகாடமியோ ஆண்டுதோறும் புதியவர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மற்றவர்களைச் சிறிய கிளப்புகளுக்கு விற்கும்போது, திரும்ப வாங்கும் உரிமையையோ மறுவிற்பனையில் ஒரு பங்கையோ எழுதி வாங்கிக்கொள்வார்கள். இதில் ரியல் மாட்ரிட் கைதேர்ந்தது. 2004-இல் அந்தக் கிளப்பின் புதிய பயிற்சி வளாகத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, பழம்பெரும் வீரர் டி ஸ்டெஃபனோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த 12 வயதுச் சிறுவன் டானி கார்வஹால். 2012-இல் அவரை 50 லட்சம் யூரோவுக்கு லெவர்குசனுக்கு விற்றார்கள். ஜெர்மனியில் ஓர் ஆண்டு நன்றாக ஆடினார். 65 லட்சத்துக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வித்தியாசம் 15 லட்சம். அதற்குக் கிடைத்தது ஆறு சாம்பியன்ஸ் லீக் பதக்கங்கள் வாங்கிய ஒரு வீரர். 2024 இறுதிப் போட்டியில் முதல் கோலும் அவருடையதுதான்.

பெரிய கிளப்புகளையும் தடுமாறவைக்கும் விஷயம் ஒன்று உண்டு: உடைமாற்றும் அறை. நட்சத்திரத்தின் சம்பளத்தை ஒரேயடியாக உயர்த்தினால், அடுத்த வாரமே நான்கு முகவர்கள் தொலைபேசியில் இருப்பார்கள். அவருக்கு இவ்வளவு என்றால் என் ஆளுக்கு எவ்வளவு? ஒருவருக்கு ஏற்றிய 50 லட்சம் அணி முழுவதும் பரவி 3 கோடியாகிவிடும். ஆகவே அடிப்படைச் சம்பளத்தை அடக்கி வைத்துவிட்டு, கையெழுத்துத் தொகை, ஆட்டத்துக்கு ஆட்டம் போனஸ், சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றால் தனித் தொகை, விளம்பரங்களில் அவர் படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான தொகை என்று பிரித்து வைப்பார்கள். அணி தோற்றால் செலவும் தானாகக் குறையும். செய்தியில் வரும் வாரச் சம்பளக் கணக்குகளை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்; எந்தப் பகுதியைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

இனி சிறிய கிளப்புகள். இவற்றுக்கு மேலே சொன்ன எந்த உபாயமும் நீண்ட நாள் உதவாது. ஆண்டு வருமானமே ஒரு நட்சத்திரத்தின் சம்பளத்துக்குச் சமம் என்றால் தக்கவைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எப்போது, எந்த நிபந்தனையில் விற்பது என்பது மட்டும்தான் கேள்வி. ஆஸ்டன் வில்லா போன்ற கிளப்கூட 2020-இல் ஜாக் கிரீலிஷுக்குப் புதிய ஒப்பந்தம் கொடுத்தபோது 10 கோடி பவுண்ட் என்ற விடுவிப்புத் தொகையை எழுத வேண்டியிருந்தது. மான்செஸ்டர் சிட்டி அடுத்த ஆண்டே அதை முழுசாகக் கட்டிவிட்டது. கிரீலிஷ் இன்னும் ஓராண்டு ஆடினார், வில்லாவுக்கு இங்கிலாந்துச் சாதனை விலையும் கிடைத்தது. வில்லாவின் நிலையில் இதற்கு மேல் சிறப்பாகச் செய்திருக்க முடியாது.

இன்னும் கீழே போனால், ஃபிஃபா விதிப்படி வரும் பங்கு ஒன்று இருக்கிறது. ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது, அந்த விலையில் 5 சதவீதத்தை, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு ஆண்டுக் கணக்கில் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஓர் ஆண்டுக்குக் கால் சதவீதம், அதற்கு மேல் அரை சதவீதம். 8 கோடி யூரோவுக்கு ஒருவர் விற்கப்பட்டால், அவரை 12 வயதிலிருந்து நான்கு ஆண்டுகள் வளர்த்த சிறிய கிளப்புக்கு 8 லட்சம் வரும். பெரிய கிளப்புக்கு அது சில்லறைக் காசு. கீழ் நிலை லீக்கில் ஆடும் கிளப்புக்கு அது புதிய திடல், சில ஆண்டுகளுக்கான பயிற்சியாளர் சம்பளம். ஆனால் இந்தப் பங்கு, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது விலை கொடுத்து வாங்கினால் மட்டுமே. வீரர் ஒப்பந்தம் முடிந்து இலவசமாகக் கிளம்பினால் பெரிய கிளப்புக்கு விலை இல்லை, விலை இல்லாததால் சிறிய கிளப்புக்கு 5 சதவீதமும் இல்லை.